நாரி நோவும் நரம்பின் நினைவும்

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் நடுவயது கடந்த பெண்களிடம் உடம்பு எப்படி என்று கேட்டால் ஏறக்குறைய ஒரே பதில்தான் வரும். நாரி நோ. தலையிடி. நெஞ்சுக்குள் ஏதோ அடைத்த மாதிரி. கை கால் உளைவு. இரவில் நித்திரை இல்லை. ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதிப்பார்கள், எக்ஸ்ரே எடுப்பார்கள். பல வேளைகளில் எதிலும் ஒன்றும் அகப்படாது. "உனக்கு ஒன்றுமில்லை, எல்லாம் மனசுதான்" என்று சொல்லி அனுப்பிவிடுவது எளிது. ஆனால் அந்த நோ கற்பனை இல்லை. தசை உண்மையாகவே இறுகியிருக்கிறது, மூச்சு உண்மையாகவே மேலோட்டமாக ஓடுகிறது.

போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இதைத் தம் எழுத்துகளில் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கிறார். நம் சமூகத்தில் துயரம் "எனக்குக் கவலையாக இருக்கிறது" என்ற வாக்கியமாக மருத்துவரிடம் வருவது குறைவு. அது பெருமூச்சாகவும் எரிவாகவும் இறுக்கமாகவும் வருகிறது. மட்டக்களப்பு மாவட்டத்துக்கு அப்படி இறுகிப்போகக் காரணங்கள் ஏராளம். 1978 நவம்பர் சூறாவளி. 1987இலும் 1991இலும் கொக்கட்டிச்சோலைப் படுகொலைகள். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல் படுகொலைகள், செப்டெம்பரில் சத்துருக்கொண்டான் படுகொலை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பு. ஒரே ஆயுளில் இவற்றில் நான்கைந்தைக் கண்டவர்கள் இன்றும் இங்கே வாழ்கிறார்கள்.

இப்போது உலகெங்கும் யோகா வகுப்புகளிலும் உடற்சிகிச்சை நிலையங்களிலும் ஒரு கருத்து பரவியிருக்கிறது. அடக்கிவைத்த துக்கமும் பயமும் இடுப்பிலும் தோளிலும் தாடையிலும் சேர்ந்து கிடக்கின்றன, சரியான ஆசனமோ அழுத்தமோ அவற்றைத் திறந்துவிட்டால் அழுகையாக வெளியேறிவிடும், பிறகு மனிதர் விடுதலை பெறுவார் என்பது அது. மாரியில் வாவி நிரம்பி வழியும்போது முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டிவிட்டால் வெள்ளம் கடலுக்குப் போய்விடுமல்லவா, அப்படி. இந்த எண்ணத்தின் வேர் நம் யோக நூல்களில் இல்லை, ஐரோப்பாவில் இருக்கிறது. அடக்கிய உணர்ச்சியை வெளியே கொட்டினால் நோய் தீரும் என்று பிராய்டும் பிரோயரும் 1895இல் எழுதினார்கள். பிராய்டின் மாணவர் வில்ஹெல்ம் ரைக் 1930களில் அதைத் தசைக்குள் கொண்டுபோனார். மனிதர் தம் உணர்ச்சிக்கு எதிராகத் தசையால் ஒரு கவசம் கட்டிக்கொள்கிறார் என்றார். இன்றைய உடற்சிகிச்சை முறைகள் பலவும் அந்தக் கவசத்தின் பேரப்பிள்ளைகள்.

ரைக் கண்டது முழுப்பொய் இல்லை. அஞ்சியவரின் தோள் உயர்ந்தே இருப்பதும் தாடை இறுகியிருப்பதும் யாரும் பார்க்கக்கூடியவை. ஆனால் தசை நாரைத் திறந்து பார்த்து அதற்குள் துக்கம் என்று ஒன்றை எவரும் கண்டதில்லை. கொட்டித் தீர்த்தால் தணியும் என்ற பகுதியும் சோதனையில் நிற்கவில்லை. அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002இல் சுமார் 600 மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார். கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டைப் பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் தணியவில்லை, கூடியது. சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிட அமைதியாக இருந்தார்கள்.

அப்படியென்றால் உடம்பு எதைத்தான் சேர்த்து வைக்கிறது? ஆயத்த நிலையை என்பதே இன்றைய நரம்பியலின் பதில்.

ஆபத்து வரும்போது மூளையின் அடியாழத்தில் இருக்கும் அமிக்டலா என்ற சிறு பகுதி, நாம் யோசிக்கத் தொடங்கும் முன்பே செயல்படுகிறது. அது ஹைபோதலமஸை உசுப்ப, அட்ரினலின் பாய்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, குடல் தன் வேலையை நிறுத்துகிறது, கழுத்தும் தோளும் முதுகும் ஓடவோ தாக்கவோ முறுக்கேறுகின்றன. ஒவ்வொரு தசைக்குள்ளும் அது எவ்வளவு நீண்டிருக்கிறது என்று அளக்கும் நுண்ணிய உணரிகள் உண்டு. அவற்றின் கூர்மையை மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் வரும் கட்டளைகள் கூட்டவும் குறைக்கவும் செய்யும். நீண்ட அச்சத்தில் அந்தக் கூர்மை கூடியே இருந்தால், சின்ன அசைவுக்கும் தசை இழுத்துப் பிடிக்கும். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இப்படிப் பிடித்திருந்தால் அதுவே நாரி நோவாகிறது. தசை தானாக எதையும் நினைவில் வைப்பதில்லை. தசையை இறுக்கச் சொல்லும் நரம்பு வலையமைப்பு வைத்திருக்கிறது.

அந்த நினைவு சொற்களில் இல்லை என்பதுதான் சிக்கல். 1990இல் நடந்ததைத் தேதி வாரியாகச் சொல்லமுடியாத ஒருவருக்கு, ஹெலிகொப்டர் சத்தம் கேட்டதும் உள்ளங்கை வியர்க்கும். கடல் சற்று இரைந்தால் நாவலடியில் ஆழிப்பேரலையைக் கண்டவருக்கு மூச்சு மேலேறும். பயத்தை ஒரு சத்தத்தோடும் ஒரு மணத்தோடும் முடிந்துவைப்பது அமிக்டலாவின் வேலை.

அந்த முடிச்சை அவிழ்க்கமுடியுமா என்பதைப் பற்றி நூறாண்டுக்கு மேலாக ஆய்வு நடந்திருக்கிறது. பாவ்லோவின் நாய்களில் தொடங்கியது இது. அதில் கிடைத்த முக்கியமான செய்தியை யோகா வகுப்புகள் பெரும்பாலும் சொல்வதில்லை. பழைய பயம் அழிவதில்லை. அதே சத்தம் வந்தும் ஆபத்து வராத அனுபவம் திரும்பத் திரும்பக் கிடைக்கும்போது, மூளையின் முன்பகுதி "இப்போது பயமில்லை" என்ற புதிய பாடத்தைக் கற்று, அமிக்டலாவை அமர்த்துகிறது. பழைய பாடம் அடியில் அப்படியேதான் இருக்கும். அதனால்தான் பல வருடம் நன்றாக இருந்தவர் 2019 குண்டுவெடிப்புக்குப் பிறகு மீண்டும் நித்திரையிழக்கிறார். முன்பு பெற்ற சிகிச்சை பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. பாடத்தை மறுபடி படிக்கவேண்டும், அவ்வளவுதான். உணர்ச்சியை "வெளியேற்றுதல்" என்ற பேச்சு இந்த இடத்தில்தான் ஏமாற்றுகிறது. ஒருநாள் அழுது முடித்தால் தீர்ந்தது என்று நம்பவைத்து, திரும்ப வரும்போது குற்றத்தை நோயாளியின் மேலேயே போடுகிறது.

யோகமும் மூச்சும் எண்ணெய்க் கையும் அந்தப் புதிய பாடத்தைக் கற்பிக்கும் நல்ல ஆசிரியர்கள் என்பதே என் கருத்து. எப்படி என்று பார்ப்போம்.

மூச்சை எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பின் தன்னியக்க வேலைகளில் நாம் நினைத்தால் கைவைக்கக்கூடியது மூச்சு. உள்ளிழுக்கும்போது இதயம் சற்று விரைகிறது, வெளிவிடும்போது வேகஸ் நரம்பின் வழியாகச் சற்றுத் தணிகிறது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவுக்கு மெதுவாக்கினால், மூச்சின் தாளமும் இரத்த அழுத்தத்தைச் சரிசெய்யும் தாளமும் ஒன்றோடொன்று இசைந்துவிடுகின்றன. இத்தாலிய மருத்துவர் லூச்சியானோ பெர்னார்டியின் குழு 2001இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டியது. 23 பேரை இலத்தீனில் செபமாலை சொல்லவும், ஒரு பௌத்த மந்திரத்தைச் சொல்லவும் வைத்தார்கள். இரண்டிலும் மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறுக்கு இறங்கியது. இரத்த அழுத்தத்தைச் சீராக்கும் அனிச்சைச் செயலும் வலுப்பட்டது.

மட்டக்களப்புக்கு இந்த ஆய்வு மிகவும் வேண்டியது. இங்கே கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. யோகா என்றாலே தம் சமயத்துக்கு ஆகாது என்று தயங்குகிறவர்கள் உண்டு, அந்தத் தயக்கத்தை மதிக்கவேண்டும். நீண்ட மூச்சோடு சொல்லப்படும் செபமாலையோ திக்ரோ மந்திரமோ, உடலியல் அளவில் ஒரே வேலையைச் செய்யக்கூடியவை. தயா சோமசுந்தரமும் அவரோடு பணியாற்றியவர்களும் மூச்சுப் பயிற்சி, சாந்தி ஆசனம், உடலைத் தேய்த்துவிடுதல் ஆகியவற்றோடு அவரவர் சமயத்துக்கேற்ற வார்த்தையை உருப்போடும் முறையையும் மனவடுவுக்கான தளர்வுப் பயிற்சிகளாகக் கற்பித்தது இந்தத் தெளிவோடுதான்.

தொடுகைக்கு வருவோம். நம் தோலில், குறிப்பாக மயிருள்ள பகுதிகளில், மெதுவான தடவலுக்கென்றே தனி நரம்பிழைகள் இருக்கின்றன. நொடிக்கு 1 முதல் 10 சென்ரிமீற்றர் வேகத்தில் தடவும்போது அவை அதிகமாகத் துடிக்கின்றன என்றும், அதே வேகத்தைத்தான் மனிதர்கள் இதமானது என்கிறார்கள் என்றும் 2009இல் சுவீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். வேகமாகத் தேய்த்தாலும் மிக மெதுவாக ஊர்ந்தாலும் துடிப்பு குறைந்துவிடுகிறது. நல்லெண்ணெய் வைத்துக் குழந்தையின் முதுகை நீவும் பாட்டியின் கை எந்த அளவுகோலும் இல்லாமல் அந்த வேகத்துக்குள்ளேயே போகும். இந்த இழைகள் சொல்லும் செய்தி, எது தொட்டது, எங்கே தொட்டது என்று ஆராயும் பகுதியைவிட, இன்சுலா என்ற மடிப்புக்கே அதிகம் போய்ச் சேர்கிறது. இதயத்துடிப்பு, மூச்சு, பசி, வயிற்றின் நிலை எல்லாவற்றையும் கூட்டிச் சேர்த்து "இப்போது நான் எப்படி இருக்கிறேன்" என்ற உணர்வை உண்டாக்கும் இடம் அது. நீண்ட அச்சத்தில் வாழ்ந்தவர்கள் பலர் உடம்பைக் கவனிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள், கவனித்தால் பயம் வருமென்பதால். ஆசனத்தில் நின்று, காலின் இழுப்பையும் மூச்சின் போக்கையும் ஆபத்தில்லாத இடத்தில் கவனிக்கும்போது, உடம்புக்குள் திரும்பி வரலாம் என்ற துணிவு சிறிது சிறிதாகக் கிடைக்கிறது.

இந்தப் பயிற்சிகள் பலன் தரும் என்பதற்குச் சான்று இருக்கிறதா? நம் கடலோரத்திலேயே இருக்கிறது. ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையின் வடகிழக்கில் முகாமிலிருந்த 31 சிறுவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். அனைவருக்கும் நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் இருப்பதாகக் கருதப்பட்டது. ஒரு பிரிவு நடந்ததைக் கதையாகச் சொல்லி முடிக்கும் சிகிச்சையைப் பெற்றது, மற்றது தியானமும் தளர்வுப் பயிற்சியும் பெற்றது. இரண்டிலும் ஆறே அமர்வுகள். நடத்தியவர்கள் உள்ளூர் உளவளத்துணையாளர்கள். ஆறு மாதம் கழித்துக் கதை சொன்னவர்களில் 81 வீதமும், தியானம் செய்தவர்களில் 71 வீதமும் தேறியிருந்தார்கள் என்று 2009இல் வெளியான முடிவு சொல்கிறது. சிகிச்சையே பெறாத மூன்றாவது பிரிவு ஒன்று அதில் இல்லை. ஆகவே காலமே ஆற்றிய பங்கு எவ்வளவென்று பிரித்துச் சொல்லமுடியாது.

அக்கரையில் நாகப்பட்டினம் முகாம்களில் 183 பேரிடம் நடந்த ஆய்வு அந்தக் குறையைக் கொஞ்சம் தீர்த்தது. மூச்சுப் பயிற்சி பெற்றவர்கள், அதோடு பேச்சுச் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்கள், ஆறு வாரம் காத்திருந்தவர்கள் என்று மூன்றாகப் பிரித்திருந்தார்கள். காத்திருந்தவர்களிடம் மாற்றம் சிறிதே. மூச்சுப் பயிற்சி பெற்றவர்களின் மனவடு மதிப்பெண் பாதிக்கும் கீழே இறங்கியது. பேச்சுச் சிகிச்சையைச் சேர்த்ததால் கூடுதல் பலன் தெரியவில்லை. அமெரிக்காவில் பெசெல் வான் டெர் கோல்க் 2014இல், வேறு சிகிச்சைகளுக்கு இணங்காத மனவடுவுள்ள 64 பெண்களை ஆராய்ந்தார். பத்து வாரம் யோகா செய்தவர்களில் 52 வீதத்தினர் நோயின் வரையறைக்கு வெளியே வந்தார்கள். உடல்நலப் பாடம் மட்டும் கேட்டவர்களில் 21 வீதத்தினர். இவை சிறு ஆய்வுகள். அதிசயம் என்று கூவ இடமில்லை. ஆனால் மருந்தும் மருத்துவரும் போதாத ஊருக்கு இவை சின்ன விடயமும் இல்லை.

மட்டக்களப்பைப் பற்றி எழுதும்போது, யோகா விரிப்புகள் வருமுன்னரே இங்கே உடம்பின் வழியாகத் துயரத்தைக் கையாண்ட ஒரு பெரிய மரபு இருந்தது என்பதைச் சொல்லாமல் போவது அநியாயம். அமெரிக்க மானிடவியலாளர் பற்றீசியா லோரன்ஸ் 1990களில் இங்கே தங்கி அம்மன் கோயில்களில் தெய்வம் ஆடுகிறவர்களை ஆராய்ந்தார். வெளியே வாய் திறந்தால் உயிருக்கு ஆபத்தென்ற காலம் அது. காணாமல் போன மகன் இருக்கிறானா இல்லையா என்று தாய்மார் கேட்கப்போன இடம், உருவந்து நிற்கும் அம்மனின் முன்னால். வாக்குச் சொல்கிறவர் அந்தப் பிள்ளை பட்ட வேதனையைத் தன் உடம்பிலேயே காட்டினார், தாயோடு சேர்ந்து அழுதார். தீமிதிப்பும் காவடி நேர்த்திகளும் அந்த ஆண்டுகளில் பெருகியதை லோரன்ஸ் பதிவு செய்திருக்கிறார். பேசமுடியாத சமூகம் உடம்பால் பேசியது.

இதற்கு உடலியல் பலன் உண்டா? டிமிட்ரிஸ் சிகலாட்டாஸ் என்ற ஆய்வாளரின் குழு மொரீசியஸ் தமிழர்களின் தைப்பூசக் காவடியை அளந்தது. அலகு குத்தியவர்களின் உடல்நலம் கெடவில்லை. தாங்கள் நலமாக இருப்பதாக அவர்கள் உணர்ந்த அளவு உயர்ந்தது, அதிகம் துன்பப்பட்டவர்களிடமே அதிகம் உயர்ந்தது என்று 2019இல் எழுதினார்கள். வைகாசிச் சடங்கில் கண்ணகி அம்மனின் வெம்மையைத் தணிக்கும் குளிர்த்தியை இப்படி யாரும் அளந்ததாக நான் படித்ததில்லை. செட்டிபாளையத்திலும் தம்பிலுவிலிலும் வழக்குரை படித்து, பல நாள் கூடியிருந்து, கடைசியில் ஊரே குளிர்வதை ஒரு சுவாசப் பட்டியும் இதயத்துடிப்பு மானியும் வைத்து அளப்பதற்குக் கிழக்குப் பல்கலைக்கழகத்தைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. அளக்கத்தான் வேண்டும். மரபென்பதால் எல்லாம் நன்மை என்று சொல்லிவிடவும் கூடாது. உருவேறி ஆடுவது சிலரை மேலும் குலைக்கவும் கூடும், வலிப்பும் மனச்சிதைவும் பேயென்று கருதப்பட்டு வைத்தியம் தாமதித்த கதைகள் எங்கும் உண்டு.

கூத்தையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். வடமோடியில் மத்தளத் தாளத்துக்கு ஒருமித்துக் கால்வைத்து, உரத்துப் பாடி, விடியும்வரை ஆடும் களரி, மூச்சையும் தசையையும் கூட்டத்தோடு இசைக்கிற பயிற்சி. 1996இல் யேசுசபை அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனடியக் கலைஞர் போல் ஹோகனும் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவும் இதே வழியில் நடந்தது. போரில் அடிபட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகளை ஒன்றாகக் கொண்டுவந்து, களிமண் பிசையவும் வர்ணம் தீட்டவும் கதை கட்டவும் விட்டார்கள். நடந்ததைச் சொல்லு என்று நெருக்கவில்லை. கைகள் முதலில் வேலை செய்தன, சொல் வரும்போது வந்தது.

அழுகையைப் பற்றி ஒரு வார்த்தை. நீண்ட நேரம் படுத்து மூச்சு விடும்போதோ, யாராவது முதுகை நீவும்போதோ சிலருக்குத் திடீரென்று கண்ணீர் வரும். விழிப்போடு நின்ற நரம்பு மண்டலம் தளரும்போது, அதுவரை தள்ளி வைத்திருந்தது எட்டிப் பார்க்கிறது. அதில் வெட்கப்பட எதுவுமில்லை. ஆனால் அதைக் குணமானதன் அடையாளமாகக் கொள்ளவும் கூடாது, அழவைப்பதைப் பயிற்றுநர் தம் திறமையாகக் கொள்ளவும் கூடாது. தடுப்பில் சித்திரவதைப்பட்டவருக்குப் பின்னாலிருந்து வரும் கை, குப்புறப் படுத்த நிலை, "அசையாதே" என்ற சொல், எல்லாமே பழைய அறையைத் திரும்பக் கொண்டுவரலாம். மனவடுவுள்ளவர்களுக்கென்று உருவான யோகா முறையில் பயிற்றுநர் தொட்டுத் திருத்துவதே இல்லை. கண்ணை மூடுவதா திறப்பதா, நிற்பதா இருப்பதா என்பதைச் செய்கிறவரே தீர்மானிப்பார். தன் உடம்பு தன் சொற்படி நடக்கிறது என்ற உணர்வைத்தான் வன்முறை முதலில் பறித்தது. அதைத் திருப்பிக் கொடுக்காத எந்த ஆசனமும் சிகிச்சை ஆகாது.

இன்னொரு எல்லையும் இருக்கிறது. மகன் உயிரோடு இருக்கிறானா என்று தெரியாமல் முப்பது வருடம் காத்திருக்கும் தாயின் நெஞ்சடைப்பை மூச்சுப் பயிற்சி தணிக்கலாம். கேள்விக்கு விடை தரமுடியாது. அவள் உடம்பு ஆயத்த நிலையிலேயே நிற்பது நோயினால் மட்டும் இல்லை, அவளுடைய காத்திருப்பு இன்னும் முடியாததாலும்தான். ஆபத்து தீர்ந்தது என்று மூளைக்குக் கற்பிக்கவேண்டுமென்றால் ஆபத்து உண்மையிலேயே தீர்ந்திருக்கவேண்டும், போனவருக்கு என்ன நடந்ததென்று சொல்லப்பட்டிருக்கவேண்டும். இதைப் பேசாமல் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்குத் தியான வகுப்பு மட்டும் நடத்துவது பாதி வேலைகூட ஆகாது.

உங்கள் வீட்டில் இப்படி நாரி நோவோடும் நித்திரையில்லாமலும் ஒருவர் இருந்தால், முதலில் மருத்துவரிடம் காட்டி உடல்நோய் ஏதும் இல்லை என்று உறுதிசெய்யுங்கள். பிறகு கதிரையில் சாய்ந்திருந்தபடியே, உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவது நீளமாக இருக்கும்படி தினமும் பத்து நிமிடம் மூச்சு விடச் சொல்லுங்கள், அவருக்குப் பிடித்த செபமோ மந்திரமோ கூடவே இருக்கட்டும். எண்ணெய் தேய்ப்பதென்றால் அவரிடம் கேட்டு, அவர் போதுமென்றதும் நிறுத்துங்கள். மூச்சைக் கவனிக்கும்போது பயம் கூடினால் கண்ணைத் திறந்து எழுந்து நடக்கவிடுங்கள், வற்புறுத்தவேண்டாம். பழைய காட்சிகள் திரும்பத் திரும்ப வந்தாலோ உயிரை மாய்க்கும் எண்ணம் தலைகாட்டினாலோ காத்திருக்கவேண்டாம். அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், அல்லது தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை அழையுங்கள்.